33-வது கேள்விக்கு ரெண்டு மார்க் எங்க போச்சு? பிளஸ் ஒன் பிசிக்ஸ் பேப்பர் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்க மாவட்டத்துல பிளஸ் ஒன் பிசிக்ஸ் கேள்வித்தாளும் ஆன்சர் கீயும் தயார் பண்ற ஆசிரியர் குழுவுக்கு,

அரையாண்டுத் தேர்வோட 33-வது கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன். 25 மீட்டர் உயரக் கட்டடத்து உச்சியில இருந்து ஒரு பந்தை 20 மீ/வி திசைவேகத்துல செங்குத்தா மேல எறியுறாங்க, அது தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும், ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10ன்னு எடுத்துக்கணும். கம்பல்சரி கேள்வி, 3 மார்க். நல்ல கேள்விதான், அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்லணும், ஏன்னா மொத்தப் பேப்பர்லயும் இயக்கவியல் பாடத்துல பிள்ளைங்க தானா யோசிச்சு எழுதுற மாதிரி வந்தது அந்த ஒண்ணுதான். பிரச்சனை கேள்வியில இல்ல, அதுக்கு நீங்க அனுப்புன கீயில இருக்கு.

எங்கிட்ட சாயங்காலம் படிக்க வர்ற ஒரு பொண்ணு, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், இந்தக் கணக்கை இப்படிப் போட்டிருந்தா. முதல்ல சின்னதா ஒரு கட்டடம் வரைஞ்சா, பக்கத்துல மேல பார்த்து ஒரு அம்புக்குறி போட்டு பிளஸ்னு எழுதுனா. எறிஞ்ச இடம் சுழியம், தரை அதுக்குக் கீழ இருக்கு, அதனால இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்புன இடத்துல இருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போய் முடியுதுங்குறது, மைனஸ் 25. தொடக்கத் திசைவேகம் பிளஸ் 20. முடுக்கம் மைனஸ் 10. எஸ் ஈக்வல் டு யூடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர்ல இந்த மூணையும் போட்டா, 5-ஆல வகுத்தா, டீ ஸ்கொயர் மைனஸ் 4டீ மைனஸ் 5 சமம் சுழியம்னு வந்துச்சு, காரணிப்படுத்தினா, டீ 5 இல்லன்னா மைனஸ் 1. "எறிஞ்சதுக்கு அப்புறம்தான் நேரத்தை எண்ணுறோம், அதனால மைனஸ் 1 பொருந்தாது. விடை 5 வினாடி"ன்னு ஒரு வரியில முடிச்சிட்டா.

இதுக்கு 3-க்கு 1 மார்க். மைனஸ் 25-ஐச் சுத்தி சிவப்பு வட்டம், பக்கத்துல "உயரம் மைனஸில் வராது"ன்னு குறிப்பு.

உயரம் மைனஸ்ல வராதுதான், ஆனா அவ எழுதுனது உயரம் இல்லையே, இடப்பெயர்ச்சி! ரெண்டும் வேற வேறன்னு ஒன்பதாம் வகுப்புலயே நாமதான சொல்லிக் குடுக்குறோம். தேர் நிலையில இருந்து கிளம்பி நாலு வீதியும் சுத்தி மறுபடி நிலைக்கு வந்து நின்னா கடந்த தொலைவு நாலு வீதி, இடப்பெயர்ச்சி சுழியம்னு எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கோம். அதைப் புரிஞ்சுகிட்டு, திசையோட சேர்த்து எழுதுன பிள்ளைக்கு சிவப்பு வட்டமா?

திருத்துன ஆசிரியரை நான் நேர்ல போய்ப் பார்த்தேன். அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல, அன்பாத்தான் பேசினார், கீயை எடுத்துக் காட்டினார். உங்க கீயில இந்தக் கணக்கு மூணு துண்டா இருக்கு. மேல போற நேரம் 2 வினாடி, 1 மார்க். மேல போற உயரம் 20 மீட்டர், ஆக மொத்தம் 45 மீட்டர், 1 மார்க். 45 மீட்டர் கீழ விழ 3 வினாடி, கூட்டினா 5, 1 மார்க். இதுவும் சரியான வழிதான், நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பொண்ணு பேப்பர்ல 2 வினாடியும் இல்ல, 45 மீட்டரும் இல்ல, அதனால "கீயில இருக்குற ஸ்டெப் வரல மேடம், நான் என்ன பண்ண முடியும்"னு கேட்டார். கீயோட எந்தப் பக்கத்துலயும் "வேறு சரியான முறையில் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் தருக"ன்னு ஒரு வரி இல்ல. அந்த ஒரே ஒரு வரி இருந்திருந்தா இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அவ போட்ட வழி கீயில இருக்குற வழியை விட ஒரு படி மேலன்னு நான் நினைக்கிறேன். துண்டு துண்டா பிரிக்காம மேல போறதையும் கீழ வர்றதையும் ஒரே இயக்கமா பார்த்திருக்கா, ஏன்னா முடுக்கம் மொத்தப் பயணத்துலயும் ஒண்ணுதான், மேல போறப்பவும் மைனஸ் 10, கீழ வர்றப்பவும் மைனஸ் 10. இது புரிஞ்சாதான் அப்படி ஒரே வரியில போட முடியும். அடுத்த நாள் வகுப்புல நான் அந்த மைனஸ் 1-ஐ எடுத்து வச்சு அவகிட்ட கேட்டேன், பாப்பா இது பொருந்தாதுன்னு எழுதுன சரி, ஆனா சமன்பாடு சும்மாவா இந்த எண்ணைக் குடுக்கும்? நாங்க எல்லாரும் சேர்ந்து யோசிச்சோம். பந்தை மாடியில இருந்து எறியாம, அதுக்கு 1 வினாடி முன்னாடியே தரையில இருந்து 30 மீ/வி-ல மேல எறிஞ்சிருந்தா, ஒரு வினாடியில 25 மீட்டர் ஏறி, சரியா அந்த நேரத்துல 20 மீ/வி-ல மாடியைத் தாண்டிப் போயிருக்கும். அதுதான் அந்த மைனஸ் 1. அது தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. "அப்ப என் கணக்குக்குப் பூமியில இருந்து எறிஞ்சதும் தெரிஞ்சிருக்கு டீச்சர்"னு சொன்னா. சொல்லிட்டு அடுத்த நிமிஷமே "ஆனா பரீட்சையில கீயில இருக்குற மாதிரியே போட்டுடவா டீச்சர்"னு கேட்டா பாருங்க, அங்கதான் எனக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. அன்னைக்கு ராத்திரிதான் இதை எழுதணும்னு முடிவு பண்ணேன்.

நான் 19 வருஷமா பிசிக்ஸ் சொல்லிக் குடுக்குறேன். அதுல 11 வருஷம் பள்ளியில, பொதுத்தேர்வு வேல்யுவேஷன் கேம்ப்புக்கும் போயிருக்கேன். கேம்ப்ல முதல் நாள் கீயை வச்சு உட்கார்ந்து பேசுவோம், யாராவது ஒருத்தர் எழுந்து "இதை ஆற்றல் அழிவின்மையை வச்சும் போடலாமே"ன்னு கேப்பாங்க, சீஃப் எக்ஸாமினர் சரின்னு குறிச்சுக்குவார். அந்தப் பேச்சுதான் பிள்ளைங்களைக் காப்பாத்துது. உங்க பேப்பருக்கு அப்படி ஒரு உட்காரலே இல்ல, கீ வாட்ஸப்புல வருது, அதை வச்சு அவங்கவங்க பள்ளியில திருத்திடுறாங்க. கீயில ஒரு பிழை இருந்தா அது எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்துடுது.

பிழையும் இருந்துச்சு. காலாண்டுல ஒரு ஒன் வேர்டு: செங்குத்தா மேல எறிஞ்ச பொருள் பெரும உயரத்துல இருக்கும்போது அதோட முடுக்கம் என்ன? கீயில சுழியம்னு போட்டிருந்தீங்க. அய்யா, அம்மா, அது திசைவேகம். உச்சியில சுழியம் ஆகுறது திசைவேகம் மட்டும்தான், முடுக்கம் அங்கயும் 9.8, கீழ் நோக்கி. உச்சியில முடுக்கமும் சுழியமா இருந்தா பந்து அங்கயே அந்தரத்துல நிக்க வேண்டியதுதான், திரும்பி வரவே வராது. பிள்ளைங்க இந்தப் பாடத்துல பண்ற தப்புலயே ரொம்ப ஆழமான தப்பு இது, நின்னா விசையும் இல்லன்னு மனசு தானா நினைச்சுக்கும், அதை மாத்தத்தான் நாங்க வருஷா வருஷம் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு பாடம் நடத்துறோம். அந்தத் தப்பையே கீ சரின்னு சொல்லி, சரியா எழுதுன பிள்ளைக்கு சுழியம் போட்டா, அடுத்த நாள் நான் எந்த முகத்தோட அந்தப் பிள்ளைக்கு நியூட்டனோட ரெண்டாம் விதியை நடத்துறது? அதுக்குத் திருத்தம் இன்னைக்கு வரைக்கும் வரல.

இயக்கம் பத்தின கேள்விக்கு எப்படி நல்லா பதில் எழுதணும்னு நான் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறதை உங்களுக்கும் சொல்லிடுறேன், ஏன்னா கீ போடுறப்ப நீங்க மார்க் தர வேண்டிய இடங்களும் அதேதான். கேள்வியைப் படிச்சதும் ஃபார்முலாவைத் தேடாதீங்கன்னு சொல்லுவேன். முதல்ல படம், அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு கோடு ஒரு புள்ளி போதும். அடுத்து எந்தத் திசை பிளஸ்னு நீயே முடிவு பண்ணி அம்புக்குறி போடு, மேல பிளஸ்னு வச்சாலும் சரி கீழ பிளஸ்னு வச்சாலும் சரி, ஆனா கணக்கு முடியுற வரைக்கும் மாத்தக்கூடாது. அதுக்கப்புறம் என்ன குடுத்திருக்காங்க, என்ன கேக்குறாங்கன்னு வரிசையா எழுது, "ஓய்வு நிலையிலிருந்து"ன்னு வந்தா தொடக்கத் திசைவேகம் யூ சுழியம், "நிறுத்தப்பட்டது"ன்னு வந்தா இறுதித் திசைவேகம் வி சுழியம், வார்த்தையில ஒளிஞ்சிருக்குற எண்ணை வெளிய எடு. அலகு பாரு, கி.மீ/மணி இருந்தா 5-ஆல பெருக்கி 18-ஆல வகு, 36 கி.மீ/மணின்னா 10 மீ/வி, 72-ன்னா 20. இதுக்கும் அப்புறம்தான் சமன்பாடு, அதுவும் முடுக்கம் மாறாம இருக்கான்னு ஒரு தடவை கேட்டுட்டுத்தான், மாறிகிட்டே இருந்தா புக்ல இருக்குற மூணு இயக்கச் சமன்பாடும் செல்லாது. கடைசியா வந்த விடை நம்புற மாதிரி இருக்கான்னு பாரு, பஸ் நிக்க 4 கிலோமீட்டர்னு வந்தா எங்கயோ அலகு மாறிப் போச்சுன்னு அர்த்தம்.

இதுல பாருங்க, படம், திசை, தெரிஞ்சது எது தெரியாதது எது, அலகு, சரிபார்த்தல், இந்த அஞ்சுக்கும் உங்க கீயில ஒரு அரை மார்க் கூட இல்ல. மத்த கணக்குக்கெல்லாம் ஃபார்முலாவுக்கு 1, பிரதியிடலுக்கு 1, விடைக்கு 1. படமே வரையாம ஃபார்முலாவை மட்டும் எழுதி வச்சுட்டுப் போன பிள்ளைக்கு 1 மார்க் வருது, படம் வரைஞ்சு திசை குறிச்சு ஃபார்முலாவும் எழுதி பிரதியிடும்போது ஒரு எண்ணுல மட்டும் தவறுன பிள்ளைக்கும் அதே 1 மார்க் வருது. எங்கிட்ட வர்ற 14 பேர்ல 9 பேர் அந்த 33-வது கேள்வியைத் தொடவே இல்ல, கேட்டா "புக்ல இல்ல டீச்சர், கிரியேட்டிவ் கொஸ்டின்"னு சொல்றாங்க. அதே பிள்ளைங்கதான் சாயங்காலம் ஆனா மைதானத்துல மேல போன பந்து எங்க விழும்னு ஓடிப் போய் சரியா அங்க நின்னு கேட்ச் பிடிக்குதுங்க.

கிராஃப் விஷயமும் அப்படித்தான். ஒரு டவுன் பஸ் ஸ்டாப்ல இருந்து கிளம்பி 5 வினாடியில 10 மீ/வி எடுக்குது, அதே வேகத்துல 10 வினாடி போகுது, அடுத்த ஸ்டாப்புக்காக 4 வினாடியில நிக்குது. திசைவேகம்-நேரம் வரைபடம் போட்டா ஒரு முக்கோணம், ஒரு செவ்வகம், இன்னொரு முக்கோணம். பரப்பு 25, 100, 20. மொத்தம் 145 மீட்டர். எந்த ஃபார்முலாவும் மனப்பாடம் வேண்டாம், முக்கோணத்தோட பரப்பு தெரிஞ்சா போதும், அது ஆறாம் வகுப்புக்குப் போற தம்பிக்கும் சொல்லிக் குடுத்துடலாம். நான் பார்த்த உங்க கடைசி மூணு பேப்பர்ல ஒரு வரைபடக் கேள்வி கூட வரல. அதுக்குப் பதிலா "சம முடுக்கத்துடன் இயங்கும் பொருளின் இயக்கச் சமன்பாடுகளை வருவி" 5 மார்க்குக்கு மூணு பேப்பர்லயும் வந்திருக்கு, வார்த்தை கூட மாறாம.

டெரிவேஷன் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா ஒரு பையன் தொகையிடல் குறியெல்லாம் அழகா போட்டு, எல்லைகள் எல்லாம் சரியா எழுதி 5-க்கு 5 வாங்கினான், அவன்கிட்ட "ஏ-யை எதுக்குடா குறிக்கு வெளிய எடுத்த"ன்னு கேட்டேன், "புக்ல வெளிய இருக்கு டீச்சர்"னான். முடுக்கம் மாறிலி, அதனாலதான் வெளிய எடுக்க முடியுதுங்குற அந்த ஒரு காரணம்தான் அந்த டெரிவேஷனோட உயிரு. அந்த வரிக்கு தனியா 1 மார்க் வச்சீங்கன்னா, அடுத்த வருஷம் எல்லா ஆசிரியரும் அந்த வரியை நின்னு நடத்துவாங்க, நீங்க எதுக்கு மார்க் வைக்கிறீங்களோ அதைத்தான் வகுப்புல நடத்துறாங்க, இது உங்களுக்கே நல்லா தெரியும்.

இப்ப என்னை ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். அரையாண்டுக்கு அப்புறம் மெல்லக் கற்போருக்குன்னு ஒரு மினிமம் மெட்டீரியல் அனுப்பியிருக்கீங்க. இயக்கவியல், இயக்க விதிகள் ரெண்டு பாடத்துலயும் மேலயே பெரிய எழுத்துல "கணக்குகளைத் தவிர்க்கலாம்"னு இருக்கு. அதுக்குக் கீழ மனப்பாடம் பண்ண 4 டெரிவேஷன், 12 ரெண்டு மார்க், புக் பேக் ஒன் வேர்டு.

மனப்பாடம் வராததாலதான அந்தப் பிள்ளை மெல்லக் கற்போர் லிஸ்ட்டுல இருக்கு? அதுகிட்டயே போய் மனப்பாடம் பண்ணுன்னு குடுத்துட்டு, அதுக்கு வரக்கூடிய ஒரே விஷயத்தை எதுக்கு எடுத்துடுறீங்க? அந்த லிஸ்ட்டுல இருக்குற ஒரு பையன் எங்கிட்ட வர்றான். எழுத்துப்பிழை இல்லாம ஒரு பத்தி எழுத வராது. எறிபொருள் பாடம் நடத்தி, கிடைத்தள நெடுக்கம், அதாவது எறிஞ்ச பொருள் போய் விழுற தூரம், எந்தக் கோணத்துல அதிகமா இருக்கும்னு கேட்டப்ப, நல்லா படிக்கிற பிள்ளைங்க 45 டிகிரின்னு டக்குனு சொல்லிடுச்சு, ஏன்னு கேட்டா பதில் இல்ல. இவன் மட்டும் கையைத் தூக்கி, "எங்க தோட்டத்துல ஹோஸ் பிடிச்சு தண்ணி அடிக்கும்போது ரொம்ப நிமித்திப் பிடிச்சாலும் கிட்டக்கதான் விழும் டீச்சர், ரொம்ப சாய்ச்சாலும் கிட்டக்கதான் விழும், நடுவுல பிடிச்சாதான் கடைசி வாழைக்குப் போகும், நிமித்துனா மேலயே நேரம் போயிடுது, சாய்ச்சா சீக்கிரம் விழுந்துடுது"ன்னான். 30 டிகிரியிலயும் 60 டிகிரியிலயும் எறிஞ்சா நெடுக்கம் ஒண்ணா வரும்னு நாம போர்டுல சைன் 2 தீட்டா போட்டு நிரூபிக்கிறது இதைத்தான், பறக்குற நேரமும் கிடைத்தளத் திசைவேகமும் ஒண்ணைக் குறைச்சு ஒண்ணைக் கூட்டுதுன்னு அவன் வாயால சொல்லிட்டான். அவனைத்தான் நீங்க கணக்கு வேண்டாம், அப்படியே உருப்போடுன்னு சொல்றீங்க.

அந்த லிஸ்ட்டுல இருக்குற பிள்ளைங்க பாதிப் பேரு வீட்டு வேலை, தோட்ட வேலை, கடை வேலை பார்க்குற பிள்ளைங்க, இயக்கம்னா என்னன்னு அதுங்க உடம்புக்குத் தெரியும். கிணத்துல வாளி இழுத்த பிள்ளைக்கு, மெதுவா ஒரே சீரா இழுத்தா வர்ற கயிறு வெடுக்குனு இழுத்தா அறுந்துடும்னு தெரியும். 15 கிலோ வாளி, ஜி 10, ஒரே சீரா இழுத்தா கயித்துல இழுவிசை 150 நியூட்டன். மேல் நோக்கி 2 முடுக்கத்துல இழுத்தா 180. கயிறு 160 வரைக்கும்தான் தாங்கும்னா எப்ப அறும்? புக்ல இருக்குற லிஃப்ட் கணக்கும் இதேதான், எங்க ஊர்ப் பிள்ளைங்கள்ல லிஃப்ட்ல ஏறாததே நிறைய இருக்கு, வாளின்னு சொன்னதும் ரெண்டு அம்புக்குறி, மேல இழுவிசை, கீழ எடைன்னு தானா வரைஞ்சுடுதுங்க. அந்தப் படம் வந்துட்டா கணக்குல பாதி முடிஞ்சது. கொல்லிமலைக்கு டூர் போனப்ப 70 கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ஸுல ஜன்னல் பக்கம் சாஞ்ச பிள்ளைங்களுக்கு, வளைவு குறுகக் குறுகவும் வேகம் கூடக் கூடவும் ஏன் அதிகமா தள்ளுதுன்னு கேட்டா பதில் வரும். கேக்கத்தான் ஆள் இல்ல.

பாஸ் பெர்சன்டேஜுக்காகத்தான் இப்படின்னு சொல்லுவீங்க, ரிசல்ட் மீட்டிங்ல நிக்க வச்சு கேள்வி கேக்குறது உங்களைத்தான்னும் எனக்குத் தெரியும், நானும் நின்னிருக்கேன். ஆனா நிலைமை மாறிப் போச்சு. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலேயே நேரா பிளஸ் டூவுக்குப் போயிடுறாங்கங்குற புகாரு பெருசானதாலதான் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்ப அது 2025-26-ல இருந்து கிடையாதுன்னு ஆயிடுச்சு. ஒரு வகையில எனக்கு சந்தோஷம், அடுத்தடுத்து மூணு வருஷம் பொதுத்தேர்வுன்னு பிள்ளைங்க நொந்து போயிருந்துச்சு. ஆனா இப்ப பிளஸ் ஒன் பிசிக்ஸ் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க மிச்சம் இருக்குறது உங்க பேப்பர் மட்டும்தான். மாநில அளவுல வர்ற நம்பர் இல்ல, பேப்பர்ல போடுற ரேங்க் இல்ல. பயம் இல்லாம நல்ல கேள்வி கேக்க இதை விட நல்ல நேரம் எப்ப வரும்? நீங்க என்னடான்னா கணக்கையே விடச் சொல்றீங்க.

இயக்கவியலை விட்ட பிள்ளை அதோட நிக்காது. வேலை ஆற்றல் திறன், சுழற்சி இயக்கம், ஈர்ப்பு, அலைவுகள், எல்லாத்துலயும் இதே வெக்டர், இதே முடுக்கம்தான் வருது. பிளஸ் டூவுல மின்புலத்துல எலக்ட்ரான் வளைஞ்சு போற கணக்கு வந்தா அது மாடியில இருந்து கிடையா எறிஞ்ச கல்லு கணக்கேதான், ஜி இருந்த இடத்துல வேற முடுக்கம். நீட்ல 180 கேள்வியில 45 பிசிக்ஸ், அதுல யாரும் டெரிவேஷன் கேக்குறது இல்ல. இன்ஜினியரிங் சேர்ந்த என் பழைய மாணவங்க முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சுட்டு போன் பண்ணி அழுதிருக்காங்க, பிளஸ் ஒன்ல 5 மார்க் எல்லாம் முழுசா வாங்குன பிள்ளைங்க.

2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு சந்திரயான்-3 இறங்குறதை எங்க வீட்டு டிவியில பிள்ளைங்களோடதான் பார்த்தேன். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துல நொடிக்கு 1.68 கிலோமீட்டர் கிடைத்தள வேகத்துல வந்த லேண்டரை இருபது நிமிஷத்துக்குள்ள சுழியத்துக்குக் கொண்டு வந்தாங்க. கிடைத்தளத் திசைவேகம் தனியா, செங்குத்துத் திசைவேகம் தனியா ரெண்டு எண்ணு திரையில ஓடிட்டே இருந்துச்சு. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்னதும் பிள்ளைங்களுக்கு அவ்வளவு பெருமை. அந்த ரெண்டு எண்ணையும் காட்டி "ஏன் ரெண்டா பிரிச்சு காட்டுறாங்க"ன்னு கேட்டேன், எறிபொருள் பாடம் முடிஞ்ச பிள்ளைங்க பதில் சொல்லுச்சு. பேப்பர்ல அப்படி ஒரு கேள்வி கேட்டா எழுதியிருக்கும்.

ரோட்டு விஷயத்துக்கும் இது வேணும். எங்க ஊரு பைபாஸ் ஓரத்துல பள்ளிக்கூடம். பிரேக் போட்டா 5 மீ/வி ஸ்கொயர் வீதம் வேகம் குறையுதுன்னு வச்சுக்குவோம், 36 கி.மீ-ல வர்ற பைக் 10 மீட்டர்ல நிக்கும், 72 கி.மீ-ல வந்தா 20 மீட்டர்னுதான் பிள்ளைங்க நினைக்கும், ஆனா 40 மீட்டர் ஆகும். வேகம் ரெண்டு மடங்கானா நிக்கிற தூரம் நாலு மடங்கு. பிரேக்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி போற தூரம் இதுல சேரல. பதினாறு வயசுல வண்டிய முறுக்குற பிள்ளைங்களுக்கு இந்தக் கணக்கை விட்டுடலாம்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

நான் கேக்குறது இதுதான். அரையாண்டு 33-வது கேள்விக்கு ஒரே சமன்பாட்டுல போட்ட முறைக்கும் முழு மார்க்குனு திருத்தம் அனுப்பி, எல்லாப் பள்ளியிலயும் அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்க. காலாண்டு ஒன் வேர்டு கீயை, உச்சியில முடுக்கம் சுழியம்ங்குறதை, எழுத்துல வாபஸ் வாங்குங்க, அடுத்த வருஷப் பிள்ளைங்க பழைய பேப்பரை வச்சுத்தான் படிக்கும். இனிமே வர்ற ஒவ்வொரு கீயிலயும் "வேறு சரியான முறைக்கும் முழு மதிப்பெண்"ங்குற வரி இருக்கணும், மேல பிளஸ், கீழ பிளஸ் ரெண்டையும் ஏத்துக்கணும், ஜி 9.8-ஆ 10-ஆன்னு கேள்வியிலயே போட்டுடணும். கணக்குக்கு படம், திசை, தரவு எழுதுறதுக்கு 1 மார்க் தனியா ஒதுக்குங்க. முழு ஆண்டு பேப்பர்ல இயக்கவியல், இயக்க விதிகள் ரெண்டுலயும் சேர்த்து ஒரு வரைபடக் கேள்வியும், புக்ல அப்படியே இல்லாத ஒரு சின்னக் கணக்கும் கட்டாயம் வைங்க, வருவி கேள்வி வச்சா ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதுறதுக்கு மார்க் வைங்க. மினிமம் மெட்டீரியல்ல இருந்து "கணக்குகளைத் தவிர்க்கலாம்"ங்குற வரியை எடுத்துட்டு, அந்த இடத்துல எளிமையான 10 கணக்கு சேருங்க, வேணும்னா நான் எழுதித் தர்றேன், பணம் எதுவும் வேண்டாம். கீயை அனுப்புறதுக்கு முன்னாடி நாலு பள்ளி ஆசிரியர்களை ஒரு மணி நேரம் உட்கார வச்சு அதே பேப்பரை எழுதச் சொல்லிப் பாருங்க, எத்தனை வழியில போடுறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

முழு ஆண்டுத் தேர்வு பேப்பர் பிரிண்ட்டுக்குப் போறதுக்குள்ள பதில் வேணும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட நீ போட்ட மாதிரியே போடுன்னுதான் சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு பிசிக்ஸ் டீச்சர்